துரின் குதிரைக்கு ஒரு சுவர்: சின்னப் புரொஜெக்டரோடு எட்டு மாதம்

கடையில் எல்லாப் புரொஜெக்டரும் நல்ல புரொஜெக்டர்தான். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் நான் போன கடையில் பெடியன் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டினான். செக்கனுக்கு ஒரு ஷொட், மஞ்சளும் சிவப்பும் பறக்குது, கூடவே காது கிழிகிற சத்தம். "எப்பிடி மிஸ், தியேட்டர் மாதிரி இல்லையோ?" என்றான்.

"தம்பி, பாட்டை நிப்பாட்டிப்போட்டு ஒண்டும் போடாமல் ஒருக்கா ஓட விடுங்கோ" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஒன்றும் போடாத புரொஜெக்டரை ஆர் பார்ப்பினம்? எனக்குத் தேவைப்பட்டது அதன் ஃபான் சத்தம். ஆனால் வாசலில் ஓட்டோக்கள், தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்துக் கடையில் முருகன் பாட்டு. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததையே நல்ல சகுனமாக எடுத்து 58,500 ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அறுபதில் இருந்து இறக்கினது. பௌதிகவியல் படிப்பிக்கிற ஒருத்தி விடக்கூடாத பிழை அது.

பெயரைச் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோசனம் இல்லை. இதே பெட்டி நாலு பெயரில், நாலு நிறத்தில் விற்பனைக்கு இருக்கிறது. பாண் றாத்தலை விடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை நிறம், முன்னால் ஒற்றைக் கண். பெட்டியில் "9000 லுமென்ஸ்" என்றும் "4கே" என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இரண்டையும் நம்பவேண்டாம். லுமென்ஸ் என்றால் வெளிச்சத்தின் அளவு; அதற்கு முன்னால் "அன்சி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது திரையில் ஒன்பது இடத்தில் ஒளியை அளந்து சராசரி எடுக்கிற முறை. அந்தச் சொல் இல்லையென்றால் அந்த இலக்கம் ஆரோ கனவில் கண்டது. 4கே என்றால் 4கே சிக்னலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். என்னுடையதின் உள்ளே படத்தை உண்டாக்குகிற எல்சிடி பனல் 1920க்கு 1080 புள்ளி, 4கேயில் கால்வாசி. மடிக்கணினியைக் கொழுவி மிகச் சின்ன எழுத்தில் ஒரு பந்தியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எழுத்து உடையாமல் நின்றது. அந்த மட்டில் சந்தோசம்.

இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லவேண்டும். எனக்கு மெதுவான படங்கள் பிடிக்கும். "டீச்சர் பாக்கிற படத்தில ஒருத்தன் கதவைத் துறந்து பூட்டுறதுக்குள்ள நான் ரெண்டு பாடம் எடுத்து முடிச்சிடுவன்" என்று எங்கள் ஸ்ராஃப் றூமில் ஒரு பகிடி ஓடுகிறது. பிழையில்லை, கிட்டத்தட்ட அப்படித்தான். 2015இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கினதில் இருந்து வருடத்தில் சில நாள் எனக்குத் திருவிழா. மிச்ச நாட்களில் பதினான்கு அங்குல மடிக்கணினி. லண்டனில் இருக்கிற மச்சாள் வரும்போதெல்லாம் எனக்கு டிஸ்க், அம்மாவுக்கு மூட்டுவலி எண்ணெய். பதினான்கு அங்குலத்தில் ஒரு மனிதன் தூரத்தில் நடந்து போனால் அவன் எறும்பு. எறும்பு நடப்பதை ஏழு நிமிடம் பார்க்க எனக்கும் பொறுமை இல்லை. அதே மனிதன் சுவரில் ஒரு முழம் உயரத்தில் நடந்தால் அது வேறு.

சரி, பொருளுக்கு வருவோம். இணையத்தில் இந்த மாதிரிப் புரொஜெக்டருக்கு எழுதப்படும் விமர்சனம் எல்லாம் கிரிக்கெட்டும் விஜய் படமும் போட்டுப் பார்த்து எழுதினவை. அவற்றுக்கு இது தாராளம். வேகமான படம் இயந்திரத்தின் குறையை மூடிக்கொண்டு ஓடிவிடும். ஒரே ஷொட் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் கண் சும்மா இருக்காது. மூலை மூலையாக நடந்து பார்க்கும். காதும் அப்படியே. ஆகவே நான் பார்த்த விதத்தில் இதை எழுதுகிறேன்.

முதலாவது, சுவர். இது புரொஜெக்டரின் குற்றம் இல்லை, ஆனால் வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கொக்குவிலில் எங்கள் ஹோல் சுவர் வெள்ளையடித்த சுவர், திரை வாங்கத் தேவையில்லை என்று நினைத்தேன். 1995 யுத்த இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது அந்தச் சுவரில் வலப்பக்கம் மேலே ஒரு ஓட்டை இருந்தது. அப்பா சீமெந்து குழைத்துத் தன் கையாலேயே பூசினவர். மேசன் வேலை தெரியாத மனிசன். ஒரு சாண் அகலத்துக்கு அது கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும். முப்பது வருசம் அதை ஒருவரும் கவனித்ததில்லை. முதல் நாள் படம் போட்டேன், ஒரு பெண் யன்னலோரம் போய் நின்றாள், அவள் நெற்றி வீங்கிவிட்டது. நகர்ந்தாள், சரியாகிவிட்டது. திரும்பி வந்தாள், திரும்பவும் வீங்கிவிட்டது. பாட்டுப் படத்தில் இது தெரியவே தெரியாது. வெள்ளைச் சீலை கட்டிப் பார்த்தேன். சோளகக் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி ஊதியது. பேந்து பழையபடி சுவர்தான்.

இரண்டாவது, ஃபான்.

தாய்வானில் வேலை செய்யும் சாய் மிங்-லியாங்கின் "டேய்ஸ்", 2020இல் வந்தது. தொடக்கத்தில் ஒருவர் கதிரையில் இருந்து வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிமிடக் கணக்கில் அதுதான். வசனம் மிகக் குறைவு. இருக்கிறதுக்கும் சப்டைட்டில் கிடையாது, இயக்குநரே வேண்டுமென்று விட்டது. அந்த மழையைக் கேட்கத்தான் நான் இரவு பத்து மணி வரை காத்திருந்தேன். அம்மா படுத்துவிட்டா, தெரு அடங்கிவிட்டது, பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்து முடிந்துவிட்டது. எனக்குக் கேட்டது மழை இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தலைமயிர் உலர்த்தி. கடையில் கேட்காத சத்தம் முழுக்க வீட்டில் வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கதிரை மனிதர் மழையைப் பார்க்கிறாரா, என்ர புரொஜெக்டரின் இரைச்சலைச் சகித்துக்கொண்டிருக்கிறாரா என்று விளங்காத நிலை. அதே படத்தில் பிறகு ஒரு சின்ன இசைப்பெட்டி வரும், கையால் சுற்றினால் சாப்ளினின் பழைய மெட்டு ஒன்று கிணுகிணுக்கும். முழுப் படமும் அந்தக் கிணுகிணுப்புக்காகத்தான் சத்தம் இல்லாமல் இருக்கிறது. எனக்கு அது தண்ணிக்குள்ளால் கேட்டது.

இயந்திரத்தைச் சும்மா குறைசொல்லவும் ஏலாது. சின்னப் பெட்டிக்குள் பலமான எல்ஈடி விளக்கு, அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபான் ஓடத்தான் வேண்டும். மெனுவில் "ஈகோ" என்று ஒன்று உண்டு. ஃபான் கொஞ்சம் குறையும், வெளிச்சமும் குறையும். யாழ்ப்பாணத்து ஏப்ரலில் அதுவும் பத்து நிமிடத்துக்குத்தான், பிறகு பெட்டிக்கே வேர்த்துவிடும்.

எட்டாம் வகுப்புப் படிக்கிற என் தம்பியின் மகன்தான் வழி சொன்னான். "மாமி, இதை விறாந்தையில வச்சுட்டு யன்னலுக்குள்ளால அடிச்சா என்ன?" விறாந்தையில் இருந்து ஹோலுக்கு ஒரு யன்னல் இருக்கிறது. இரண்டு யன்னல் கம்பிக்கு நடுவில் லென்ஸைப் பிடித்தால் ஒளி கம்பியில் முட்டாமல் உள்ளே போகிறது. ஸ்டூலுக்கு மேலே பழைய என்சைக்கிளோபீடியா மூன்று, அதற்கு மேலே புரொஜெக்டர். இப்போது விறாந்தைதான் எங்கள் ஓப்பரேற்றர் கபின். ஹோலுக்குள் ஃபான் சத்தம் அரைவாசிக்கு மேல் குறைந்துவிட்டது. தூரமும் கூடினதால் படம் பெரிதாகி ஏறத்தாழச் சுவர் நிரம்ப வந்தது. பேரப்பெடிக்கு அன்று அம்மா தன் கையால் முட்டைப் பொரியல் போட்டுக் கொடுத்தா.

ஒரு எச்சரிக்கை: தானாகச் சதுரம் பிடிக்கிற வசதி ஒன்று இதில் உண்டு, படம் சரிந்திருந்தால் தானே நிமிர்த்தும். பூனை ஸ்டூலில் உரசினாலும் அது விழித்துக்கொள்ளும். அசையாத ஷொட் ஒன்றின் நடுவில் படம் திடீரென்று நெளிந்து, சுருங்கி, திரும்ப நிமிரும். முதல்தரம் நடந்தபோது இயக்குநரின் உத்தி என்று நினைத்து நான் வியந்துகொண்டிருந்தேன். வாங்கின அன்றைக்கே அதை நிற்பாட்டிவிடுங்கள்.

ஃபான் சத்தம் ஒரு பொருட்டாகவே இல்லாத ஒரு படம் உண்டு. ஹங்கேரிக்காரர் பேலா தாரின் "துரின் குதிரை", 2011. இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட, மொத்தமே முப்பது ஷொட். கறுப்பு வெள்ளை. ஒரு தகப்பன், ஒரு மகள், ஒரு குதிரை, ஆறு நாள், வெளியே ஓயாத காற்று. நான் போட்டது சோளகம் அடிக்கிற ஒரு ஆனி மாத இரவு. வெளியே பனையோலை சரசரக்குது, படத்துக்குள் காற்று ஊளையிடுது, விறாந்தையில் பெட்டி இரையுது. எது எதன் காற்று என்று பிரிக்கமுடியவில்லை. பெட்டியை வாங்கினதுக்கு முதன்முதலாக அன்றுதான் சந்தோசப்பட்டேன்.

அம்மாவுக்கு நித்திரை வரவில்லை, வந்து கதிரையில் இருந்தா. எழுபத்தாறு வயது. நான் ஒன்றும் விளக்கவில்லை. தகப்பனுக்கு ஒரு கை வழங்காது. மகள்தான் உடுப்பு மாற்றிவிடுகிறாள். பிறகு ஆளுக்கொரு அவித்த உருளைக்கிழங்கு. சுடச்சுட ஒற்றைக் கையால் தோலை உரித்து, ஊதி, பிய்த்து வாயில் போடுகிறான்.

"உந்த மனிசன் என்ன அவசரத்தில உரிக்குது? கை அவியப்போகுது."

அடுத்த நாளும் உருளைக்கிழங்கு. அதற்கடுத்த நாளும்.

"ஒரு பச்சைமிளகாய்கூட இல்லையோ உதுகளிட்ட?"

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அம்மா கதிரையில் முன்னுக்கு வந்திருந்தா. கிணறு வற்றிப்போன இடத்தில் அம்மா பேசவில்லை. சாமான்களை வண்டிலில் கட்டிக்கொண்டு இருவரும் வீட்டை விட்டுப் போகிறார்கள். மேட்டைத் தாண்டி மறைகிறார்கள். கமரா அசையாமல் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே மேட்டில் திரும்பி வருகிறார்கள். ஏன் திரும்பினார்கள் என்று படம் சொல்லாது. இந்தப் படத்தைப் பற்றி எழுதின விமர்சகர்கள் பலர் அந்த இடத்தில் தத்துவம் பேசுவார்கள். அம்மா, "வருவினம் எண்டு தெரியும்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விளக்கு எரியவில்லை. எண்ணெய் நிறைய இருக்கிறது, தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை. இதைத்தான் அம்மாவால் ஏற்கமுடியவில்லை.

"எண்ணெய் கிடக்கு, திரி கிடக்கு, ஏன் பத்தேல்லை?"

யுத்த காலத்தில், தொண்ணூறில் இருந்து வருசக் கணக்கில் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், நூல் திரி. நான் சாதாரண தரம் படித்தது அந்த வெளிச்சத்தில். எண்ணெய் இல்லாமல் விளக்கை எரிய வைத்த அம்மாவிடம் போய், எண்ணெய் இருந்தும் எரியாத விளக்கைக் காட்டினால் அவ ஒப்புவாவோ? "அவளுக்குத் திரி வெட்டத் தெரியேல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா.

முடிவில் படத்தின் காற்று அடங்கிவிடும். அந்த இடத்தில் என்ர பெட்டியின் இரைச்சல் மட்டும் தனித்து நின்றது. வெட்கக்கேடு.

மூன்றாவது, இருட்டு. இதுதான் இந்த விலைப் புரொஜெக்டர்களின் உண்மையான வருத்தம். எல்சிடி பனலுக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் பனல் ஒளியை மறிக்கவேண்டும். மலிவான பனல் முழுக்க மறிக்காது, கொஞ்சம் கசியும். ஆகவே கறுப்பு என்று இதில் ஒன்று இல்லை, சாம்பல்தான். துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் "வன்ஸ் அப்பொன் எ டைம் இன் அனடோலியா" போட்டேன். 2011 கான் விழாவில் கிராண்ட் பிறி பகிர்ந்துகொண்ட படம். புதைத்த பிணம் ஒன்றைத் தேடி மூன்று வாகனம் இரவு முழுக்க மலையடிவாரங்களில் அலைகிறது. வாகன விளக்குத்தான் வெளிச்சம். திரையரங்கில் அந்த மலைகள் இருட்டுக்குள் இருட்டாகத் தெரியும், அந்த இருட்டுக்கே ஒரு மேடு பள்ளம் இருக்கும். என்ர சுவரில் சாம்பல் போர்வையில் இரண்டு மஞ்சள் பொட்டு நகர்ந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் போர்வை இன்னும் வெளிறியது, குறைத்தால் மனிதர்களையும் காணவில்லை. முக்கால் மணித்தியாலம் ரிமோட்டோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் அதே படத்தில் ஒரு இடம். ஊர்த் தலைவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். அவரின் மகள் தட்டத்தில் விளக்கும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் நீட்டுகிறாள். களைத்துப்போன அந்த ஆம்பிளையள் ஒவ்வொருவரும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு முகம், ஒரு சுடர், சுற்றிவர இருட்டு. இந்தப் பெட்டி அதை என்ன காரணமோ மிக வடிவாகக் காட்டியது. 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தேத்தண்ணி வந்தது. ஆனால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லோரும் மின்சார சபையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நான்காவது பிழை கொஞ்சம் நுணுக்கமானது, இதைக் கடைக்காரர் ஒருவரும் சொல்லமாட்டார்கள். சினிமா செக்கனுக்கு 24 படம். இந்தப் பெட்டி செக்கனுக்கு 60 தரம்தான் காட்டும். 24ஐ 60க்குள் சரிசமனாகப் பிரிக்க ஏலாது. ஆகவே ஒரு படத்தை இரண்டு தரம், அடுத்ததை மூன்று தரம் என்று மாறி மாறிக் காட்டி ஒப்பேற்றும். ஓடுகிற படத்தில் தெரியாது. கமரா மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால் மட்டும் படம் நொண்டும். வியட்நாமின் பாம் தியென் ஆன் எடுத்த "இன்சைட் த யெலோ குக்கூன் ஷெல்" 2023இல் கான் விழாவில் முதல் படத்துக்கான கமரா டோர் வாங்கினது. மூன்று மணித்தியாலம், கமரா நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும். என்ர சுவரில் அது நகர்ந்தது நன்றாகவே தெரிந்தது: கல்லு ரோட்டில் போகும் மாட்டு வண்டில் மாதிரி. மடிக்கணினியில் 24 என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். பெட்டி வாங்கிக்கொண்டது, நொண்டல் அப்படியே இருந்தது. இதை வாங்குகிறவர்கள் கடையிலேயே மெதுவாக நகரும் ஒரு ஷொட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் உங்களையும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரி போதும்: குசினி ரேடியோ. புளூடூத் ஸ்பீக்கர் போட்டால் உதடு முன்னால் அசையும், குரல் பின்னால் வரும். வயரில் கொழுவினால்தான் சரி. வயரில் கொழுவின பெரிய ஸ்பீக்கரோடுதான் "மெமோரியா" பார்த்தேன். தாய்லாந்தின் அபிசாட்பொங் வீரசெத்தகுல் கொலம்பியாவில் எடுத்தது, 2021. டில்டா சுவின்டன் நடித்த பெண்ணுக்கு ஒரு விடியப்புறம் "டொம்" என்று ஒரு சத்தம் கேட்கிறது, அவளுக்கு மட்டும். பிறகு படம் முழுக்க அவள் அந்தச் சத்தத்தைத் தேடுகிறாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து ஒரு இளைஞனுக்கு அதை விளங்கப்படுத்துகிறாள்: பெரிய கொங்கிறீட் பந்து ஒன்று, இரும்புக் கிணறு ஒன்று, சுற்றிவரக் கடல். அவன் பித்தானை உருட்டி உருட்டி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறான். அவள் இல்லை என்கிறாள், இன்னும் மண் மாதிரி என்கிறாள், உருண்டை கூட வேணும் என்கிறாள்.

படம் தொடங்கி அந்த முதல் சத்தம் வந்த உடனே அறைக்குள் இருந்து அம்மாவின் குரல்.

"எங்கயடி?"

"படத்திலயம்மா."

"எந்தப் பக்கம் எண்டு கேட்டனான்."

கொஞ்ச நேரம் நான் பதில் சொல்லவில்லை. பிறகு சத்தத்தைக் குறைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்த்த விதம் மாறிவிட்டது. சத்தத்துக்குச் சொல் தேடுகிற அந்தக் காட்சி பலருக்கு விநோதமாக இருந்திருக்கும். எங்களுக்கு அது அன்றாடப் பயிற்சி. ஷெல் சத்தம் கேட்டவுடன் எங்கிருந்து புறப்பட்டது, எங்கே விழப்போகுது என்று எட்டு வயதில் நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். இன்னொருத்தருக்கு அதை விளங்கப்படுத்தும் தேவை எங்களுக்கு வரவில்லை, எல்லோரும் கேட்டார்கள். அவளுக்குத்தான் தனியே கேட்டது, பாவம்.

இனி இதன் நல்லதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாவம். வெயிலை இந்தப் பெட்டி மாதிரிக் காட்ட இந்த விலையில் வேறொன்றும் நான் பார்க்கவில்லை. பி. எஸ். வினோத்ராஜின் "கூழாங்கல்", 2021இல் றொட்டர்டாமில் டைகர் விருது எடுத்த தமிழ்ப் படம். குடிகாரத் தகப்பனும் சின்னப் பெடியனும் வெயிலுக்குள்ளால் நடக்கிறார்கள். முக்கால்வாசி நடைதான். வெளிறிய வானம், வெளிறிய மண், கண் கூசுகிற வெளிச்சம்; கறுப்பே தேவையில்லாத படம். சாம்பல் கசிவு, இருட்டுப் பிரச்சினை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரவு ஒன்பது மணிக்கு எங்கள் ஹோலுக்குள் வெயில் அடித்தது. தாகத்துக்குப் பெடியன் ஒரு கூழாங்கல்லை வாய்க்குள் போட்டுக் கொதுப்பிக்கொண்டே நடப்பான். மருமகன் எழுந்து போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தான். இரண்டாம் தரமும் போனான்.

கடைசியில் நிலத்தில் தோண்டின ஒரு குழியைச் சுற்றிப் பெண்கள் இருந்து, ஊறுகிற தண்ணியை மெல்ல மெல்லக் கோலி எடுக்கிறார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் கலங்கிவிடும். அந்த ஷொட் நீண்டுகொண்டே போகிறது. மருமகன், "மாமி, படம் ஹாங் ஆகிட்டுது போல" என்றான். "இல்லையடா, தண்ணி ஊறுது" என்றேன். அவன் பேசாமல் இருந்து பார்த்தான். எட்டாம் வகுப்புப் பெடியன், கையில் ஃபோன் இருந்தது, எடுக்கவில்லை. அந்தக் குழி விழுந்தது சரியாக அப்பாவின் சீமெந்துப் புடைப்புக்குக் கீழே, தட்டையான இடத்தில்.

ஆறாம் மாதம் படத்தில் ஒரு மங்கல் புள்ளி வந்தது. இந்தப் பெட்டியின் ஒளிப்பாதை மூடினது இல்லை; தூசி உள்ளே போகும். விறாந்தை யோசனையின் விலை அது. சோளகம் கொண்டுவந்த புழுதி, அதோடு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிகள். ஒரு நாள் ஒன்று உள்ளேயே புகுந்து, ஒரு முதியவரின் முகத்தில் பூனை அளவில் ஊர்ந்துபோனது. அம்மா செருப்பைத் தேடினா. கடைக்குக் கொண்டுபோனேன், உத்தரவாதம் ஒரு வருசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே பெடியன் குத்துப்பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியேல்லையே மிஸ், அது நீங்கள் பாத்த படத்தில இருந்த தூசியா இருக்கும்" என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை, அந்தப் பாட்டில் ஒன்றும் தெரியவில்லைதான். வீட்டுக்கு வந்து, காற்று ஊதுகிற ரப்பர் பம்பியால் நானே பின்பக்கத்தால் ஊதி எடுத்தேன். இப்போது லென்ஸுக்கு முன்னால் நுளம்பு வலைத் துண்டு ஒன்று கட்டியிருக்கிறது. பாவனையில் இல்லாதபோது மட்டும்.

ஆகவே, வாங்கலாமோ என்று கேட்டால்: பகல் படங்களுக்கு வாங்கலாம். காற்றடிக்கிற படங்களுக்குத் தாராளமாக வாங்கலாம். இரவில் நடக்கிற படங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூடின ஒளிப்பாதையும் அன்சி இலக்கமும் எழுதியிருக்கிற ஒன்றுக்குக் காத்திருங்கள். விலை இரண்டு மடங்குக்கு மேலே போகும். தனி அறையும் தடித்த சுவரும் இருந்தால் ஃபானைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். வீட்டில் அம்மா இருந்தால் "மெமோரியா"வுக்கு ஹெட்ஃபோன் போடுங்கள்.

நான் விற்கவில்லை. சுவரைத்தான் சரிபண்ண யோசித்தேன். மேசன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். புடைப்பைக் கொத்தி, மட்டம் பிடித்து, முழுச் சுவருக்கும் பட்டி பார்க்க 14,000 ரூபா கேட்டார். "ஆர் பூசினது உது?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பிவிட்டா. ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவர். மூன்று ஞாயிறு போய்விட்டது.